கேள்வி–பதில்: காலண்டரிலிருந்து இறங்கிய முருகன்

போன இதழில், ஆயர் ஈத்தாம் வீட்டில் 1978-ல் எடுத்த குடும்பப் படம் ஒன்றை ஸ்டீரியோ படமாக மாற்றிப் பார்த்தேன் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். தட்டையான போட்டோ ஒன்றிலிருந்து இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு படம் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆட்கள் முன்னால் வந்து நிற்பார்கள், சுவர் பின்னால் போய்விடும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. வாடகைத் தகராறு, சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம் எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்.

முப்பரிமாணத்துக்கு இரண்டு கேமரா வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஒரே படத்திலிருந்து இன்னொரு படம் எப்படி ஐயா வரும்? இல்லாததை உண்டாக்குவது ஏமாற்று இல்லையா?
ஒரு வாசகர், செந்தூல்

இல்லாததைத்தான் உண்டாக்குகிறோம், மறைக்க ஒன்றுமில்லை. விரலை மூக்குக்கு நேராக ஒரு முழத்துக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடுங்கள், அப்புறம் மாற்றி மற்றக் கண்ணை மூடுங்கள். சுவருக்கு முன்னால் விரல் இடமும் வலமுமாகத் தாவும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற ஆறு, ஆறரை சென்டிமீட்டர் செய்யும் வேலை அது. கிட்டே இருப்பது அதிகம் தாவுகிறது, எட்ட இருப்பது குறைவாகத் தாவுகிறது, மூளை அந்த வித்தியாசத்தைத் தூரமாகப் படித்துக்கொள்கிறது. ஆக, உங்களிடம் உள்ள போட்டோவை இடக்கண் பார்த்தது என்று வைத்துக்கொண்டு, அதில் கிட்டே இருப்பவற்றை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இன்னொரு படம் செய்தால் அது வலக்கண் பார்த்தது. இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் மூக்கு உள்ளே போய் காது முன்னால் வந்து, மாமாவின் முகம் இட்லித் தட்டுக் குழி மாதிரி ஆகிவிடும். எல்லாருக்கும் ஒரு முறையாவது நடக்கும்.

ஏமாற்று என்கிறீர்கள். 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் லண்டனில் இந்த விஷயத்தை முதலில் விளக்கியபோது போட்டோ என்ற ஒன்றையே ஊர் உலகம் அறியாது, டாகரின் முறை வெளியானது மறு வருடம்தான். வீட்ஸ்டன் தன் நிலைக்கண்ணாடிக் கருவியில் வைத்துக் காட்டியவை கையால் வரைந்த கோட்டுப் படங்கள். கையால் செய்த ஜோடிதான் முதலில் வந்தது, கேமரா பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

என் மகன் கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் இதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. நீங்கள் ஏன் ஒரு படத்துக்கு மூன்று இரவு உட்காருகிறீர்கள்?
ஒரு வாசகி, பட்டர்வொர்த்

தட்டட்டும் அக்கா, நானும் அப்படித்தான் தொடங்கினேன். தட்டினால் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். படத்தில் எது கிட்டே, எது எட்ட என்று நிரல் ஊகித்து, கறுப்பு வெள்ளையில் இன்னொரு படம் போடுகிறது. கிட்டே இருப்பது வெள்ளை, தூரம் போகப்போக சாம்பல், கடைசியில் கறுப்பு. டெப்த் மேப் என்பார்கள். 2019-ல் வந்த மைடாஸ், 2024-ல் வந்த டெப்த் எனிதிங் எல்லாம் இந்த வேலையைச் செய்பவை, நன்றாகவே செய்பவை. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. ஆனால் எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டைப் பார்த்ததில்லை.

அந்தப் படத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்சுவரில் ஒரு முருகன் காலண்டர், பக்கத்தில் நிலைக்கண்ணாடி பதித்த அலமாரி. நிரல் ஓடி முடிந்து, ஜோடிப் படத்தை அச்செடுத்து, லென்ஸ் வைத்த அட்டைப் பெட்டிக்குள் செருகி அம்மாவிடம் நீட்டினேன். பார்த்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னவென்று வாங்கிப் பார்த்தால், காலண்டர் முருகன் வேலோடு சுவரை விட்டு ஒரு சாண் வெளியே வந்து நிற்கிறார், மயில் இன்னும் கொஞ்சம் முன்னால்! நிரலுக்கு அது காகிதம் என்று தெரியாது, ஒரு ஆள் நிற்கிறார் என்று கணக்குப் போட்டுவிட்டது.

அலமாரிக் கண்ணாடியில் நடந்தது இதற்கு நேர் எதிர். படம் எடுத்தவர் சித்தப்பா. கண்ணாடிக்குள் அவருடைய முழங்கையும் பிளாஷ் வெளிச்சமும் தெரியும். எங்கள் வீட்டுப் படங்கள் எதிலுமே அவர் கிடையாது, எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்பார், அந்த முழங்கைதான் மிச்சம். நிஜத்தில் கண்ணாடி முன்னால் பத்தடியில் நிற்பவரின் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் பத்தடியில் தெரிய வேண்டும். நிரலோ முழங்கையை அலமாரிக் கதவில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிவிட்டது. சரி என்று உட்கார்ந்து, டெப்த் மேப்பில் காலண்டரைச் சுவரின் சாம்பல் நிறத்திலேயே பூசினேன், கண்ணாடிக்குள் இருப்பதைச் சுவரைவிடக் கறுப்பாக்கினேன். சித்தப்பா உள்ளே போனார், முருகன் காலண்டருக்குத் திரும்பினார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் இந்த இரண்டும் தெரியும், அந்த மூன்று இரவு இதற்குத்தான்.

என்ன மென்பொருள்? காசு கட்ட வேண்டுமா? நான் செய்த படத்தில் தோள் ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது.
ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

காசு வேண்டாம். ஜோடிப் படங்களைச் சேர்க்க, நேராக்க, சிவப்பு-நீலப் படமாக்க ஸ்டீரியோபோட்டோ மேக்கர் போதும். ஜப்பானியர் மசுஜி சுட்டோ எழுதி இலவசமாகக் கொடுக்கிறார், விண்டோசில் ஓடும். வெட்டி ஒட்டுவதற்கு ஜிம்ப். அதுவும் இலவசம்தான்.

ரப்பர் இழுவைக்குக் காரணம் ஓட்டை. தோளை 20 பிக்சல் நகர்த்தினால், தோள் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் 20 பிக்சல் அகலத்துக்கு ஒன்றுமே இருக்காது, அதை நிரப்பத் தெரியாத நிரல் பக்கத்தில் உள்ளதை இழுத்து விடுகிறது. ஜிம்ப்பில் ஆளைத் தனி லேயராக வெட்டி எடுத்து, பின்னால் உள்ள சுவரை குளோன் கருவியால் நிரப்புங்கள். முழுச் சுவரையும் வரைந்து உயிரை விட வேண்டாம், ஓரத்தில் அந்த 20, 30 பிக்சல் போதும். இன்னொன்று, இரண்டு படத்தையும் மாற்றாதீர்கள். ஒரு கண்ணுக்கு மூலப்படத்தை அப்படியே விட்டுவிட்டால் மற்றக் கண்ணின் படத்தில் உள்ள சின்னச் சின்னக் குளறுபடியை மூளை பெரும்பாலும் மன்னித்துவிடும்.

எவ்வளவு நகர்த்துவது என்பதில்தான் புதியவர்கள் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். பழைய ஸ்டீரியோக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு முப்பதில் ஒன்று: படம் 1500 பிக்சல் அகலம் என்றால், ஆகக் கிட்டே உள்ளதற்கும் ஆகத் தூரத்தில் உள்ளதற்கும் நகர்வு வித்தியாசம் 50 பிக்சலுக்கு மேல் போகக் கூடாது. நான் அதிலும் பாதியில் நின்றுவிடுவேன். நூறு வைத்தால் முதல் பார்வைக்கு வாய் பிளக்கும், மூன்றாவது படத்தில் தலை வலிக்கும்.

லேயர் லேயராக வெட்டி நகர்த்தினால் இன்னொரு வம்பு, எல்லாரும் தேர்தல் கட்அவுட் மாதிரி நிற்பார்கள். ஒவ்வொரு கட்அவுட்டும் தன் தூரத்தில் சரியாகத்தான் நிற்கும், ஆனால் யாருக்கும் கனம் இருக்காது. அதனால் ஆளுக்குள்ளேயும் டெப்த் மேப்பில் மெல்லிய ஏற்ற இறக்கம் வேண்டும்: மூக்கு கன்னத்தை விட ஒன்றிரண்டு பிக்சல் முன்னால், காது கொஞ்சம் பின்னால், மடியில் வைத்த கை வயிற்றுக்கு முன்னால். தரை ரொம்ப முக்கியம். காலடியிலிருந்து சுவர் வரை சீராகக் கறுத்துக்கொண்டே போக வேண்டும், கால் நிற்கும் இடத்தில் தரையும் காலும் ஒரே சாம்பலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். பறக்கும் முடிக்கு நான் செய்வது, மேப்பில் தலையின் வெள்ளையை நாலைந்து பிக்சல் வெளியே பரப்பிவிடுவது. முடி தலையோடு சேர்ந்தே நகரும், பக்கத்துச் சுவரும் கூடவே கொஞ்சம் வரும், யாரும் கவனிப்பதில்லை.

படத்தின் இடது வலது விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் ஆளைச் சட்டத்துக்கு முன்னால் கொண்டுவராதீர்கள். சன்னலுக்கு வெளியே நிற்பவரைச் சன்னல் மறைக்கலாம், சன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவரை மறைக்க முடியுமா? கண் அங்கேயே குழம்பிவிடும். மொத்தக் காட்சியையும் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவது நல்லது.

சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் என் கல்யாணப் படத்தில் புடவை மட்டும் மினுமினு என்று துடிக்கிறது. கண்ணாடியில் கோளாறா?
ஒரு வாசகி, ஜெலுத்தோங்

புடவை சிவப்பு, அதுதான் கோளாறு. சிவப்புத் தாள் வைத்த இடக்கண்ணுக்கு அது பளிச்சென்று வெள்ளை மாதிரி தெரியும், நீலப்பச்சைத் தாள் வைத்த வலக்கண்ணுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. இரண்டு கண்ணும் ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன, அதனால் துடிப்பு. குங்குமம், கூரைப்புடவை, ரோஜா மாலை என்று நம் கல்யாணங்களே இந்த முறைக்குப் பொருந்தாதவை. ஸ்டீரியோபோட்டோ மேக்கரில் அனாகிளிஃப், அதாவது இந்தச் சிவப்பு-நீலப் பட வகைகளில் பாதி வண்ணம் என்று ஒன்று இருக்கும், டுபுவா என்று இன்னொன்று, இரண்டையும் போட்டுப் பாருங்கள், துடிப்பு குறையும். முழுதும் போக வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இதற்கென்றே பிறந்தவை.

கண்ணாடியே இல்லாமல் பார்க்கலாமாமே? அரை மணி நேரம் முறைத்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை, என் பேத்திக்கு ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.
ஒரு வாசகர், செராஸ்

கணினித் திரையில் பெரிதாக வைத்துப் பார்த்திருப்பீர்கள். இடப்படத்தை இடக்கண்ணும் வலப்படத்தை வலக்கண்ணும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு படங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உங்கள் கண் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் கண் வெளிப்பக்கமாக விரிய வேண்டும், அது பெரும்பாலோருக்கு ஆகாது. கைப்பேசியைப் படுக்கை வாக்கில் பிடித்து, ஜோடி மொத்தமும் 12 செ.மீ. அகலத்துக்குள் வருமாறு சுருக்குங்கள். மூக்குக்கு அருகில் வைத்து, படத்தைப் பார்க்காமல் அதைத் தாண்டித் தூரத்தில் எதையோ பார்ப்பது போல விட்டேற்றியாக இருங்கள், அப்படியே மெல்லப் பின்னால் கொண்டுபோங்கள். மூன்று படம் தெரியும், நடுவில் உள்ளதுதான் உங்களுடையது. முறைத்தால் வராது.

அதைவிட எனக்குப் பிடித்தது அச்சு. போட்டோ கடையில் 4ஆர் அளவு என்றால் 15 செ.மீ. அகலம், அதில் ஆறு ஆறு செ.மீ. அகலத்தில் இரண்டு படம் வசதியாக உட்காரும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள், கடை இயந்திரம் விளிம்பைக் கொஞ்சம் வெட்டும். நிறத்தைத் தானாகத் திருத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு கடையில் அப்படித் திருத்தி, முப்பது படத்தில் அம்மா முகம் மஞ்சள் பூசியது போல வந்துவிட்டது, அவர்களிடம் சண்டை போட்டு என்ன பயன், நான்தான் சொல்லவில்லை.

பத்துமலை முருகன் சிலையை மாற்றினேன். ஆழம் பிரமாதம், ஆனால் சிலை மேசை மேல் வைக்கும் பொம்மை மாதிரி ஆகிவிட்டது.
ஒரு வாசகர், கோம்பாக்

சிலை 42.7 மீட்டர், 140 அடி. அது முழுதாகப் படத்தில் விழ நீங்கள் ரொம்பத் தள்ளி நின்றிருப்பீர்கள். அவ்வளவு தூரத்தில் ஆறரை சென்டிமீட்டர் கண் இடைவெளிக்குப் பெரிதாக எந்த வித்தியாசமும் தெரியாது. சிலையும் பின்னால் உள்ள சுண்ணாம்புப் பாறையும் 272 படியும் கிட்டத்தட்ட ஒரே திரையில் வரைந்த மாதிரிதான் இரண்டு கண்ணுக்கும். நீங்கள் அதில் ஆழத்தை அள்ளிக் கொட்டியதும் மூளை என்ன நினைக்கும்? இவ்வளவு ஆழம் தெரிகிறதென்றால் இது என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அப்படியென்றால் சின்னப் பொருளாகத்தான் இருக்க வேண்டும். சிலைக்கும் பாறைக்கும் நடுவே நாலைந்து பிக்சல் மட்டும் வையுங்கள். மிச்ச ஆழத்தை முன்னால் நிற்கும் ஆட்களுக்கும் மாலைக் கடைகளுக்கும் செலவழியுங்கள். அப்போதுதான் சிலை பெரிதாகும்.

நேரில் போய் எடுப்பதாக இருந்தால் மாற்றவே வேண்டாம். ஆகக் கிட்டே உள்ள பொருள் 60 மீட்டரில் என்றால், ஒரு படம் எடுத்து, பக்கவாட்டில் இரண்டு மீட்டர் நடந்து இன்னொன்று எடுங்கள், அதே முப்பதில் ஒன்று கணக்கு. ஆனால் புறாக்கள் இரண்டு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், அவற்றை அழிக்கவே ஒரு மாலை போய்விடும். வீட்டில் ஆட்களை எடுக்கும்போது நடக்கக்கூட வேண்டாம், உடல் எடையை இடக்காலில் போட்டு ஒன்று, வலக்காலுக்கு மாற்றி ஒன்று.

பழைய வீடியோவிலிருந்து செய்ய முடியுமா?
ஒரு வாசகர், வங்சா மாஜு

கேமரா பக்கவாட்டில் நகர்ந்திருந்தால், அதில் நிஜ ஜோடியே கிடைக்கும், மாற்ற வேண்டியதே இல்லை. எல்ஆர்டி பக்கத்துச் சன்னலில் கைப்பேசியை ஒட்டிப் பிடித்து வீடியோ எடுங்கள். ரயில் 60 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 16.7 மீட்டர், வீடியோ நொடிக்கு 30 பிரேம், ஆக ஒரு பிரேமுக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கட்டடங்கள் 30 மீட்டர் தள்ளி இருந்தால் நமக்கு ஒரு மீட்டர் வேண்டும், இரண்டு பிரேம் தள்ளி எடுத்தால் சரியாகிவிடும். சன்னலுக்கு வெளியே பார்க்கும்போது ரயில் உங்கள் வலப்பக்கம் போகிறது என்றால் முந்திய பிரேம் இடக்கண்ணுக்கு. நின்ற இடத்திலிருந்து எடுத்த கல்யாண வீடியோவில் இது நடக்காது, அதற்கு டெப்த் மேப்தான்.

இதில் பணம் பண்ண முடியுமா?
ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜம்

முடியாது.

தமிழ்ப் படம் எதையாவது இப்படி மாற்றியிருக்கிறார்களா?
ஒரு வாசகி, பாயான் லெப்பாஸ்

ரஜினியின் சிவாஜி. 2007-ல் தட்டையாக வந்த படத்தை மாற்றி, 2012 டிசம்பர் 12, அவர் பிறந்தநாளன்று 3டி-யாக வெளியிட்டார்கள். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், நான் ஒரு பிரேமுக்கு மூன்று இரவு. கணக்கை நீங்களே போடுங்கள்.

என் கணவருக்கு எந்த முறையிலும் ஆழம் தெரியவில்லை. பயிற்சி செய்தால் வருமா?
ஒரு வாசகி, கெப்போங்

சின்ன வயதில் மாறுகண் இருந்ததா, ஒரு கண்ணில் பார்வை குறைவா என்று முதலில் கேளுங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாதவர்களுக்கு இது தெரியாது, நிறையப் பேர் அப்படி இருப்பது தெரியாமலே வண்டி ஓட்டி, பூப்பந்து ஆடி, நன்றாக வாழ்கிறார்கள். ஒரு தடவை கண் மருத்துவரிடம் காட்டுங்கள், படத்துக்காக அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

என் தாத்தாவின் ஒரே படம், தோட்டத்தில் பால் எடைபோடும் இடத்தில் இரண்டு வாளியோடு நிற்கிறார், பின்னால் ரப்பர் மரம் வரிசை வரிசையாகப் போகிறது. மாற்றலாமா, கெட்டுவிடுமா என்று பயமாக இருக்கிறது. அலோர் ஸ்டாரில் இருக்கும் பெரியம்மாவுக்குக் காட்ட ஆசை, அவருக்கு 78 வயது.
ஒரு வாசகி, நிபோங் தெபால்

மூலப்படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பைத் தொடாமல் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள் தங்கச்சி. நகலில் என்ன செய்தாலும் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகாது. அச்செடுத்த அட்டையின் பின்னால் இது மாற்றிய படம், எந்த வருடம் மாற்றியது என்று பென்சிலில் எழுதிவிடுங்கள், பிற்பாடு யாராவது அந்தக் காலத்து நிஜ ஸ்டீரியோ என்று நினைத்துவிடக் கூடாது.

மர வரிசை உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். தோட்டத்தில் மரங்களை அளந்துதானே நடுவார்கள், அதுவே அளவுகோல். ஆனால் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு சாம்பல் வித்தியாசம் கொடுக்காதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் நகர்வு பாதியாகும், மூன்று மடங்கானால் மூன்றில் ஒன்று. அதனால் முதல் வரிசைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய தாவல், அப்புறம் சின்னது, எட்டாவது ஒன்பதாவது வரிசையெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே கலந்துவிடலாம். இலைகளை ஒவ்வொன்றாக வெட்ட நினைக்காதீர்கள், கொத்தாக விடுங்கள்.

உங்களுக்குத் தடுமாற்றம் வரப்போவது வாளியில்தான். நீங்கள் அனுப்பிய நகலில் பார்த்தேன், இடப்பக்க வாளி அவர் காலுக்கு முன்னால் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, இல்லை பின்னால் வேறு யாருடைய வாளியா என்றே சொல்ல முடியவில்லை, நிழலும் உதவவில்லை. நான் ஊகித்துச் சொல்லலாம், நிரலும் ஊகித்துச் சொல்லும். அதை விடுங்கள். மாற்றி முடித்த பிறகு பெரியம்மாவுக்குக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அவரும் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவர்தானே, மாற்றுவதற்கு முன்னாலேயே ஒரு நடை அலோர் ஸ்டார் போய்விட்டு வாருங்கள். கைப்பேசியில் காட்ட வேண்டாம், பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போங்கள், ஒரு பென்சிலும்.